மதில் போனது, படி நின்றது

ஜொகூர் ஆற்றங்கரையில் இருந்த பழைய தலைநகரங்களில் பெயர் சொல்லும்படியான கற்படிக்கட்டு எதுவும் இல்லை. 1511-இல் மலாக்காவைப் போர்த்துக்கீசியரிடம் பறிகொடுத்த சுல்தானின் வாரிசுகள், 1528-க்குப் பிறகு இந்த ஆற்றைத் தங்கள் அரசின் நடுநரம்பாக ஆக்கிக்கொண்டார்கள். பேக்கான் துவா, சாயோங், ஜொகூர் லாமா, பத்து சாவார், கோத்தா திங்கி என்று ஆற்றின் போக்கிலேயே அரசிருக்கை மேலும் கீழுமாக நகர்ந்தது. அவற்றில் அரண் என்று இன்றும் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது ஜொகூர் லாமா. 1540-களில் சுல்தான் அலாவுதீன் ரியாயத் ஷா அமைத்த இந்த ஊரின் கோட்டை, ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மேட்டின்மேல் மண்ணைக் குவித்து எழுப்பப்பட்ட கரை. புறச்சரிவில் மண் சரியாதபடி கல் பதித்திருக்கிறார்கள். கோத்தா பத்து, அதாவது கற்கோட்டை என்ற பெயர் அதனால் வந்தது. உள்ளே அரண்மனை, மசூதி, வீடுகள் எல்லாம் மரமும் அத்தாப்பு ஓலையும். கரையின்மேல் ஏறுவதற்கு மண்சரிவே போதும். ஆற்றிலிருந்து ஊருக்குள் ஏற மரத்துறை இருந்தால் போதும். கடல் ஓதத்தின் ஏற்றவற்றம் ஆற்றுக்குள்ளும் உணரப்படும் இடம் அது; நீர் ஏறும்போது இரண்டு படியும் வற்றும்போது பத்துப் படியும் தேவைப்படுகிற துறையில், அவிழ்த்து மாற்றிக் கட்டக்கூடிய மர ஏணியே வசதி.

கல்லில் படி கட்டாததற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. 1564-இல் சுமத்ராவின் அச்சே அரசின் படை ஜொகூர் லாமாவை அழித்து சுல்தானைச் சிறைப்பிடித்துச் சென்றது. ஊர் மீண்டும் எழுந்தது. 1587-இல் போர்த்துக்கீசியத் தளபதி பாவ்லோ டி லிமா பெரெய்ரா மலாக்காவுக்கு உதவ வந்த கப்பற்படையோடு அதைத் தாக்கி எரித்தார். அரசு மேலாற்றுக்கு, பத்து சாவாருக்குப் போனது. 1613-இல் அதையும் அச்சே சூறையாடியது. 1673-இல் ஜாம்பி அரசு தாக்கியது. ஒவ்வொரு முறையும் ஊர் எரிந்தது, அரசு மிஞ்சியது. ஜொகூரின் தற்காப்பு மதிலில் இல்லை. ஆற்றின் வளைவுகள், ஆழமற்ற கழிமுகங்கள், ஒரே இரவில் படகேறிவிடக்கூடிய மக்கள் ஆகியவற்றில்தான் அது இருந்தது. படிக்கட்டு என்பது ஓரிடத்திலேயே இருந்துவிடுவதாக முடிவு செய்தவர்கள் கட்டுவது. ஒரு மேட்டைச் செதுக்கி, கல் அறுத்து, தலைமுறை தலைமுறையாகக் கால் பதியும் என்று நம்பிப் போடும் முதலீடு அது. அந்த நம்பிக்கை ஜொகூர் சுல்தான்களுக்கு வாய்க்கவில்லை. அவர்களுடைய எதிரிகளுக்கு வாய்த்தது. ஆகவே ஜொகூரின் படிக்கட்டுக் கதையை எழுத வேண்டுமானால், ஜொகூர் இழந்த மலையிலிருந்துதான் எழுத வேண்டும்.

அந்த மலை, மலாக்கா ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் செயின்ட் பால் குன்று. சுல்தான்கள் காலத்தில் இதன் சரிவில்தான் அரண்மனை இருந்தது. மலாய் வரலாற்று நூலான 'சஜாரா மெலாயு' அந்த அரண்மனையையும் கொலுமண்டபத்தையும் விரிவாக வருணிக்கிறது. மண்டபத்தின் எந்தத் தட்டில் யார் அமரலாம், யார் நிற்கலாம் என்ற ஒழுங்கு அதில் கறாராகச் சொல்லப்படுகிறது. மேலே ஏறுவதென்றாலே தகுதி வேண்டும். 1511 ஆகஸ்டில் அஃபொன்சோ டி அல்புகெர்க் ஊரைப் பிடித்ததும் முதலில் செய்தது இந்தக் குன்றின் அடியில் கோட்டை எழுப்பியது. மசூதியின் கற்களையும் மன்னர்களின் கல்லறைக் கற்களையும் பெயர்த்தெடுத்து அந்தச் சுவர் கட்டப்பட்டது. ஈழத்தில் திருக்கோணமலைக் கோயிலை இடித்து, அதே கல்லில் போர்த்துக்கீசியர் 1620-களில் கோட்டை கட்டியதை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

கோட்டைக்குள் படிக்கட்டுக்கு என்ன வேலை என்பதை இங்கே சற்று நின்று பார்க்கலாம். பீரங்கியை மேலே கொண்டுபோகப் படி உதவாது. வண்டிச் சக்கரமும் குதிரைக் குளம்பும் ஏறச் சரிவுப் பாதை வேண்டும். ஆகவே பீரங்கிக் காலத்துக் கோட்டைகளில் கொத்தளத்துக்குச் சரிவுப் பாதையும் மனிதர்களுக்குப் படிக்கட்டும் தனித்தனியே அமைந்தன. காவலுக்கு ஓடும் வீரன், தண்ணீர்க்குடம் சுமப்பவர், பாதிரியார், பிணம் தூக்குபவர் எல்லோரும் ஏறியது படியில். ஆனால் உள்ளிருப்பவனை விரைவாக மேலே கொண்டுசேர்க்கும் படி, உள்ளே புகுந்த எதிரியையும் அதே வேகத்தில் கொண்டுசேர்த்துவிடும். இதற்குச் செஞ்சியில் கண்ட தீர்வு அழகானது. ராஜகிரியின் உச்சிக்குப் போகும் படிகள் ஒரு பிளவின் விளிம்பில் முடிகின்றன. அதைத் தாண்ட மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் அத்தனை படியும் அந்தரத்தில் நிற்கும். மற்ற இடங்களில் செய்தது எளிமையானது: படியைக் குறுகலாக வைத்தார்கள். அட்ரியாட்டிக் கரையில் உள்ள கோட்டோர் நகரில், மதிலை ஒட்டி மலையேறும் 1,350 படிகளும் அப்படிப்பட்டவை. அகலமான படி ஊர்வலத்துக்கு. குறுகிய படி முற்றுகைக்கு.

மலாக்காக் குன்றில் ஊர்வலமும் முற்றுகையும் ஒரே வழியில் நடந்தன. 1521-இல் துவார்த்தே கொயெல்யோ என்ற கப்பல் தலைவர் உச்சியில் மாதாவுக்கு ஒரு சிற்றாலயம் கட்டினார். 1549-இல் அது இயேசு சபையிடம் வந்தது. 1542-இலிருந்து தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிக்கும் பரதவர் ஊர்களில் நடந்து திரிந்த பிரான்சிஸ் சவேரியார், 1545-இல் முதன்முறையாக இங்கே வந்திறங்கினார். சீனக் கரைக்கு அருகே ஒரு தீவில் 1552 டிசம்பரில் அவர் இறந்தபின் உடல் 1553 மார்ச்சில் மலாக்காவுக்கு வந்தது. இந்தக் குன்றின்மேல் ஆலயத்தில் அடக்கமானது. சில மாதங்களுக்குப் பிறகு தோண்டியெடுக்கப்பட்டு கோவாவுக்குப் பயணமானது. வெயிலில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்குகிற சரிவு இது. நான்கு பக்கமும் தோள் கொடுத்து ஒரு பெட்டியை மேலே ஏற்றியவர்கள் எத்தனை இடத்தில் நின்று தோள் மாற்றியிருப்பார்கள் என்பதை வரலாற்று நூல்கள் சொல்வதில்லை, சரிவு சொல்கிறது.

இந்தப் பகுதியின் கட்டடக் கல் செம்புறாங்கல். வெட்டும்போது ஓரளவு மென்மையாக இருந்து, காற்றும் வெயிலும் பட்டபின் இறுகும் கல் அது. துருச் சிவப்பு நிறம், உடலெல்லாம் பொத்தல். கருங்கல் படி தேய்ந்தால் வழவழப்பாகும். செம்புறாங்கல் தேய்ந்தால் சொரசொரப்பு கூடும், விளிம்பு உதிரும். மழை பெய்து ஓய்ந்த பிறகு பார்த்தால், கல்லின் குழிகளில் தண்ணீர் தங்கி, நிழல் விழும் பக்கத்தில் பாசி பிடித்திருக்கும். அங்கே கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க்காரர்களுக்குப் பழக்கம். வெளியூர்க்காரர்கள் வழுக்கித்தான் தெரிந்துகொள்கிறார்கள். இன்று கோட்டையில் எஞ்சி நிற்கும் சாந்தியாகோ வாயிலின் பின்புறமிருந்து மேலே போகும் படிகள் எல்லாமே போர்த்துக்கீசியர் காலத்தவை என்று கொள்ளத் தேவையில்லை. படிக்கட்டில் கல் மாறும், சாந்து மாறும், சரிவின் மேல் அது பிடித்திருக்கும் தடம் எளிதில் மாறாது. வாயிலையும் உச்சியையும் சேர்க்கும் குறுகிய வழி ஒன்றுதான். யார் ஆண்டாலும் கால்கள் அதையே தேடின.

அந்த வழி பொதுவழியாக இருந்ததா என்றால், இல்லை. மதிலுக்குள் வாழ்ந்தவர்கள் போர்த்துக்கீசியரும் அவர்களைச் சார்ந்தவர்களும். தமிழ் வணிகர்கள், குஜராத்தியர், சீனர், ஜாவாக்காரர் எல்லோரும் ஆற்றுக்கு அக்கரையில் உப்பே என்ற பகுதியில் இருந்தார்கள். 1511 முற்றுகையின்போது போர்த்துக்கீசியருக்கு உதவி, அதற்குப் பரிசாக பெண்டஹாரா என்ற உயர்பதவி பெற்ற தமிழ் வணிகர் நைனா சாத்து, 1514-இல் அப்பதவி பறிக்கப்பட்டபோது அவமானம் பொறுக்காமல் தீக்குளித்தார். கோட்டை யாரை எந்தப் படிவரை ஏறவிடும் என்பதை அவர் அளவுக்கு நெருங்கிப் பார்த்த தமிழர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஜொகூரும் அந்தக் குன்றை மறந்துவிடவில்லை. 1606-இல் டச்சுத் தளபதி மாட்டெலீஃபோடு ஜொகூர் செய்துகொண்ட உடன்பாட்டில் பங்கீடு தெளிவாக எழுதப்பட்டது: மலாக்காவைப் பிடித்தால் மதில்சூழ் நகரம் டச்சுக்காரருக்கு, சுற்றியுள்ள நாடு ஜொகூருக்கு. அந்த முயற்சி தோற்றது. 1640 ஆகஸ்டில் தொடங்கிய முற்றுகையில் ஜொகூரின் படகுகளும் ஆட்களும் டச்சுப் படையோடு சேர்ந்து நின்றார்கள். பசியும் காய்ச்சலும் இரு பக்கமும் கொன்றுகுவித்த பின், 1641 ஜனவரி 14 அன்று கோட்டை விழுந்தது. 130 ஆண்டுகளுக்கு முன் முன்னோர் விட்டு ஓடிவந்த ஊரின் வாயிலுக்கு எதிரே ஜொகூர்க்காரர்கள் வெற்றியாளர்களாக நின்றார்கள். ஆனால் குன்று டச்சுக்காரருக்குப் போனது. மலாக்காவின் வீழ்ச்சியால் ஜொகூருக்கு வணிகம் பெருகியது, போர்த்துக்கீசியத் தொல்லை ஒழிந்தது. அரசியல் கணக்கில் அது லாபமே. இருந்தும், பாட்டனார் கொலுவீற்றிருந்த சரிவைத் திரும்பப் பெறாத வெற்றி அது என்பதை எந்த லாபக் கணக்கும் மறைத்துவிடாது.

டச்சுக்காரர் எரிந்தும் இடிந்தும் கிடந்த வாயிலைச் செப்பனிட்டு 1670 என்ற ஆண்டையும் தங்கள் கம்பெனிச் சின்னத்தையும் பொறித்தார்கள். உச்சி ஆலயத்தைத் தங்கள் மதப் பிரிவுக்கு மாற்றி செயின்ட் பால் என்று பெயரிட்டார்கள். கீழே சதுக்கத்தில் 1753-இல் கிறைஸ்ட் சர்ச் கட்டி முடிந்ததும் மேலே வழிபாடு நின்றது, குன்று இடுகாடாயிற்று. இன்று கூரையில்லாத அந்த ஆலயத்தின் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கும் ஆளுயரக் கல்லறைப் பலகைகள், அந்தப் படிகளின்மேல் கடைசியாகச் சென்ற பாரங்கள் எவை என்பதைக் காட்டுகின்றன.

1795-இல் மலாக்கா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. ஐரோப்பியப் போர் முடிந்தால் டச்சுக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அஞ்சிய கிழக்கிந்தியக் கம்பெனி, வலுவான கோட்டையோடு கொடுக்க விரும்பவில்லை. 1807-இல் ஆங்கிலேய அதிகாரி வில்லியம் ஃபார்குவார் பொறுப்பில் இடிப்பு நடந்தது. கடப்பாரைக்கு மசியாத சுவர்களுக்கு வெடிமருந்து வைத்தார்கள். இதை ஒரு சிறுவன் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னாளில் அவர் முன்ஷி அப்துல்லா. தமிழும் அரபும் கலந்த குடும்பத்தில் 1796-இல் மலாக்காவில் பிறந்தவர், நவீன மலாய் உரைநடையின் முன்னோடி. கோட்டைக்குள் பேய்கள் குடியிருப்பதாக ஊர் நம்பியதையும், வேலைக்கு வர ஆட்கள் அஞ்சியதையும், வெடித்தபோது பெரும்பெரும் கற்பாளங்கள் வானில் எழுந்து கடலில் விழுந்ததையும் தமது 'ஹிகாயத் அப்துல்லா'வில் எழுதிவைத்திருக்கிறார். இடித்தவனின் அறிக்கைகளில் செலவுக் கணக்குதான் இருக்கும். ஊர் பட்ட துயரம் அப்துல்லாவிடம்தான் இருக்கிறது.

ஒரு வாயில் மட்டும் தப்பியது. 1808-இல் மலாக்காவுக்கு வந்த கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் தலையிட்டதால் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வாயில் தப்பியதைப் பற்றி எழுதாத நூல் இல்லை. படிக்கட்டு தப்பியதை யாரும் பொருட்படுத்தவில்லை. படியை இடிக்க யாருக்கும் தோன்றாது, அதனால் படை நடத்தவும் முடியாது, விலைக்கு விற்கவும் முடியாது. மதில் விழுந்த பிறகுதான் அந்தப் படிகள் மெய்யாகவே பொதுவாயின. அதுவரை மணி அடித்து அடைபட்ட வாயிலுக்கு உள்ளே இருந்த வழி, அதன்பிறகு எந்நேரமும் திறந்த வழி. இடிப்பு ஒரு பெரும் இழப்பு என்பதில் ஐயமில்லை. ஆனால் செட்டித் தெருக்காரனும் மீன்பிடிக்காரனும் குன்றேறிக் கடலைப் பார்க்கத் தொடங்கியது அந்த இழப்புக்குப் பிறகுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே ஃபார்குவார் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஜொகூரின் மற்றொரு குன்றில் தோன்றுகிறார். 1819-இல் சிங்கப்பூர் ஜொகூர் அரசின் ஒரு பகுதி. அந்த அரசின் உயரதிகாரியான தெமெங்கோங் அப்துல் ரஹ்மான் அங்கே குடியிருந்தார். ஆற்றுக்குப் பின்னால் இருந்த குன்றுக்கு புக்கிட் லாராங்கான், ஏறக்கூடாத குன்று, என்று பெயர். பழைய மன்னர்களின் மாளிகையும் சமாதியும் இருந்த இடம் என்பதால் மக்கள் அங்கே கால்வைக்கவில்லை. மலாக்காவிலிருந்து உடன் வந்த ஆட்களை வைத்து ஃபார்குவார் மேலே பாதை வெட்டி, பீரங்கியை இழுத்தேற்றிக் கொடியேற்றினார் என்று அப்துல்லாவே எழுதுகிறார். பின்னர் 1859-இல் அங்கே கேனிங் கோட்டை கட்டத் தொடங்கி 1861-இல் முடித்தார்கள். 1920-களில் நீர்த்தேக்கத்துக்காகக் கோட்டையை இடித்தபோது எஞ்சியவை ஒரு வாயிலும் சிறிது சுவரும். குன்றேறும் படிகள் இன்று பூங்காவின் படிகள்; காலையில் ஓட வருபவர்களுக்கும் திருமணப் படமெடுக்க வருபவர்களுக்கும் அது ஏறக்கூடாத மலை என்ற எண்ணமே எழாது.

கோட்டை போய் வாயிலும் படியும் நிற்பது திருச்சிராப்பள்ளியிலும் நடந்தது. மலைக்கோட்டை என்ற பெயர் மட்டும் ஊர் வாயில் இருக்கிறது. நாயக்கர் காலத்து மதிலும் அகழியும் 19-ஆம் நூற்றாண்டில் இடிபட்டும் தூர்ந்தும் சாலைகளாயின. மேற்கே மெயின் கார்டு கேட் என்ற வாயில் நிற்கிறது. நடுவே 83 மீட்டர் உயரப் பாறையைக் குடைந்தும் செதுக்கியும் நானூறுக்கு மேற்பட்ட படிகள். அடியில் மாணிக்க விநாயகர், இடையில் தாயுமானவர், உச்சியில் பிள்ளையார். ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலும் இதே ஏற்றத்தில்தான் இருக்கிறது. 1750-களின் கர்நாடகப் போர்களில் இந்தப் பாறை உச்சியே காவல்கோபுரமாகப் பயன்பட்டது; பக்தரின் வழியும் சிப்பாயின் வழியும் ஒன்று.

இங்கே படிக்கட்டின் பெரும்பகுதி கூரைக்குக் கீழே, பாறைக்குள்ளே போகிறது. வெளியே வெயில் எப்படி இருந்தாலும் உள்ளே கல் குளிர்ந்திருக்கும். இரு பக்கச் சுவரிலும் காவியும் வெள்ளையுமாகப் பட்டை. செருப்பில்லாத கால்கள் தலைமுறை தலைமுறையாக நடந்ததில் படிகளின் நடுப்பகுதி மெழுகியதுபோல் ஒளிர்கிறது. ஓரம் மட்டும் உளி கொத்திய சொரசொரப்போடு இருக்கிறது. வயதானவர்கள் ஓரமாகவே ஏறுகிறார்கள். முற்றுகைக் காலத்தில் படிவழியின் குறுகல் ஒரு பலம்: நாலு பேர் நின்றால் நானூறு பேரை மறிக்கலாம். திருவிழாக் கூட்டத்துக்கு அதுவே ஆபத்து. 1849-இல் இந்தப் படிகளில் ஏற்பட்ட நெரிசலில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். எதிரியைத் தடுக்க அமைந்த அகலத்தில் பக்தர்களைத் திரட்டியதன் விளைவு அது. பழைய கோட்டைப் படிகளை மக்களுக்குத் திறந்துவிடும் எந்த ஊரும் முதலில் கணக்கிட வேண்டியது ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்பதைத்தான்.

பாதுகாப்பு, பழுதுபார்ப்பு என்று வரும்போது மதிலுக்கும் படிக்கும் ஒரே விதி பொருந்தாது. 2006-இல் மலாக்காவில் சுற்றுலாக் கோபுரம் ஒன்றுக்கு அடித்தளம் தோண்டியபோது டச்சுக் காலத்து மிடில்பர்க் கொத்தளத்தின் அடிச்சுவர் வெளிப்பட்டது. கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, கொத்தளத்தை மீண்டும் எழுப்பினார்கள். ஜொகூர் லாமாவிலும் 1930-களில் ஜெரால்ட் கார்ட்னர் தொடங்கிப் பலர் அகழ்ந்து பார்த்த பின், 1960-இல் கரையின் ஒரு பகுதி சீரமைக்கப்பட்டது. அடித்தளம் கிடைத்தால் சுவரை அளந்து திரும்பக் கட்டிவிடலாம். தேய்ந்த படியை அப்படித் திரும்பக் கட்ட முடியாது. அதன் வரலாறு அந்தத் தேய்மானத்தில்தான் இருக்கிறது. உடைந்த கல்லை எடுத்துவிட்டு இயந்திரத்தில் அறுத்த ஒரே அளவுப் பலகைகளைப் பதித்தால் ஏறுவது எளிதாகும், பழைய படி போய்விடும். ஒன்றும் செய்யாமல் விட்டால் முட்டிவலிக்காரர்களுக்கும் குழந்தையைத் தூக்கி வருபவர்களுக்கும் வழி அடைபடும். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: ஓரத்தில் உறுதியான கைப்பிடி, இடையிடையே உட்கார ஒரு தட்டு, மழைநீர் படிமேல் ஓடாமல் பக்கவாட்டில் வடிய ஒரு கால்வாய், உடைந்து ஆடும் கற்களுக்கு மட்டும் அதே வகைக் கல்லில் மாற்று. செம்புறாங்கல்லுக்குச் சிமெண்டு பூசுவது மட்டும் கூடாது. கல் உறிஞ்சிய ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி அதை உதிர்த்துவிடும். சுண்ணாம்புச் சாந்துதான் அதற்கு ஏற்றது.